இரவல் வண்டியும் நாலு போல்ட்டும்

"டக்" என்றது.

கிட்டுசாமி ஸ்பானரைத் தூக்கிப் பார்த்தார். அதன் வாயில் போல்ட்டின் தலை மட்டும் இருந்தது. உடம்பு ஸ்னோமொபைல் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"ஏனுங்க, என்ன சத்தம்?" சமையலறையிலிருந்து சாரதா.

"ஒண்ணுமில்ல கண்ணு. போல்ட் கழண்டுருச்சு."

பொய்யில்லை. பாதி கழன்றிருந்தது.

பனிமேல் ஓடுகிற அந்த வண்டி மேனேஜர் ஸ்ரீநிவாஸுடையது. கிட்டுசாமியின் கிரீன் கார்டு பேப்பரில் திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரேதான். வியாழக்கிழமை, கேட்காமலேயே வந்து, வண்டியை டிரெய்லரோடு விட்டுவிட்டுப் போனார்.

"லாங் வீக்கெண்ட், என்ஜாய் பண்ணுங்க கிட்டு. சனிக்கிழமை அஞ்சு மணிக்குக் குடுத்தாப் போதும். ஒண்ணே ஒண்ணு, அந்த சைலன்ஸர் போல்ட் நாலையும் மட்டும் தொட்டுடாதீங்க. துரு ஏறியிருக்கு. மெக்கானிக்கே பயப்படறான்."

கோயம்புத்தூர் பீளமேட்டில், மோட்டார் பம்புகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவரிடம் சொல்லக்கூடிய பேச்சா இது?

போதாக்குறைக்குச் சாரதா வேறு. "இரவல் வாங்குனதை வெறுமனே திருப்பிக் குடுக்கப்படாதுங்க. போன மாசம் உங்க மேனேஜர் சம்சாரம் ஸ்வர்ணாவோட குக்கருக்குப் புது கேஸ்கட் போட்டு, உள்ள சக்கரப் பொங்கல் வச்சுத்தானே அவங்க வீட்டுல குடுத்துட்டு வந்தோம்?"

ஸ்னோமொபைலுக்குள் பொங்கல் வைக்க முடியாது. ஆகவே போல்ட்டுகளைக் கழற்றி, இனி ஏழு ஜென்மத்துக்கும் துருவேறி இறுகாதபடி செம்புப் பசை தடவி மாட்டித் தருவதென்று முடிவானது. அருமையான பசை. மாட்டும்போது தடவினால் எத்தனை சூட்டிலும் போல்ட் பிடித்துக்கொள்ளாது. ஆனால் ஏற்கெனவே பிடித்துக்கொண்டதை என்ன செய்வது என்று டப்பாவில் எழுதவில்லை.

"எண்ணெய் விட்டு ராத்திரி பூரா ஊறப் போடுங்க" என்றாள் சாரதா.

"ராத்திரிக்கு எங்க போறது? இன்னைக்கு அஞ்சு மணிக்கு வண்டி அங்க நிக்கோணும்!"

அரை பாட்டில் நல்லெண்ணெயைக் கவிழ்த்தார். கராஜ் கதவைத் திறந்துவைத்து, சூடு ஏறட்டுமென்று எஞ்சினை முடுக்கினார். அடுத்த ஐந்தாம் நிமிடம் அந்த அமெரிக்க ஊர், பிரிட்ஜ்வாட்டர் முழுக்க முறுக்கு வாசனை. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த மூன்று கார்கள், பிரசாதம் இங்கேதான் என்று தெருவுக்குள் திரும்பின. மூன்றாவது கார் விலாசம் விசாரிக்க வந்தது என்பாரும் உண்டு. நான்காவதாக வந்தது தீயணைப்பு வண்டி.

"என்ன சமைக்கிறீர்கள்?" என்று இங்கிலீஷில் விசாரித்தார் தீயணைப்புக்காரர்.

"எக்ஸாஸ்ட் போல்ட்" என்றார் கிட்டுசாமி.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவர்கள் போனதும் இரண்டாவது போல்ட் உடைந்தது. துணைக்கு மூன்றாவது. நான்காவது மானஸ்தன். ஸ்பானருக்குப் பின்னால் மூன்றடிக் குழாயைச் சொருகி அழுத்தியதில் ஸ்னோமொபைல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வாசலைப் பார்த்து நின்றது. போல்ட் அசையவில்லை. இரண்டாவது சுற்றில்தான் தலையைக் கொடுத்தது.

டிரில் போட்டார். உள்ளே உடைந்த போல்ட்டோடு உடைந்த டிரில் முனையும் சேர்ந்துகொண்டது.

"இனி என்ன பண்ணப் போறீங்க?"

"இனிப் பண்றதுக்கு என்ன இருக்குது? மிச்சம் இருக்கறது எஞ்சின் மட்டுந்தான்!"

மணி ஒன்று. டிரெய்லரை இழுத்துக்கொண்டு பக்கத்து ஊர் சாமர்வில் மெக்கானிக்கிடம் பறந்தார். அந்த மனுஷன் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தான். "என் கிரீன் கார்டே இதுக்குள்ளதான் மாட்டியிருக்கு!" என்று கிட்டுசாமி கெஞ்சிய கெஞ்சலில், பாவம், டார்ச் அடித்து எஞ்சினுக்குள் கார்டைத் தேடினான். கார்டு கிடைக்கவில்லை. ஆனால் போல்ட் துண்டுகளையெல்லாம் தோண்டியெடுத்து, புது போல்ட் நாலு, புது கேஸ்கட், எல்லாவற்றிலும் செம்புப் பசை என்று நாலரைக்கு முடித்துக் கொடுத்தான்.

சரியாக ஐந்து மணிக்கு ஸ்ரீநிவாஸ் வீட்டு வாசலில் வண்டி நின்றது. சீட்டின்மேல் சாரதாவின் மைசூர்பாகு டப்பா. பக்கத்தில் கிட்டுசாமி, வேர்த்து வழிந்தபடி. வெளியே மைனஸ் ஆறு டிகிரி.

"சார், ஒரு சின்ன விஷயம். அந்த போல்ட்டுக..."

ஸ்ரீநிவாஸ் குனிந்து பார்த்தார். நான்கும் பளபளவென்று கல்யாண மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தன. நிமிர்ந்தபோது முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்.

"தொடாதீங்கன்னு சொன்னேனே, கிட்டு?"

"சொன்னீங்க சார்."

"தெளிவாத்தானே சொன்னேன்?"

"ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க சார்."

"அப்போ திங்கட்கிழமை..." என்று அவர் ஆரம்பித்தார். கிட்டுசாமி கண்ணை மூடிக்கொண்டார். கோயம்புத்தூருக்குப் போகிற விமானம் ஓடுபாதையில் ஏறுவது காதில் கேட்டது.

அதற்குள், வாசலில் ஆள் நிற்பது தெரியாமல், உள்ளேயிருந்து ஸ்வர்ணாவின் குரல் கணீரென்று வந்தது.

"என்னங்க, நான் சொன்ன மாதிரியே நாலு போல்ட்டையும் மாத்திக் குடுத்துட்டாரா? அடுத்த வாரம் நம்ம டிஷ்வாஷரையும் 'தொட்டுடாதீங்க'ன்னு சொல்லி அவங்களுக்கு இரவல் குடுங்க!"