குழாயடி வரிசையில் பன்னிரண்டு செடிகள்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
பம்பாய்,
2-7-1966, சனிக்கிழமை.

மதிப்பும் மரியாதையும் உள்ள மைத்துனர், விறகுக்கடை நம்பிராஜன் அவர்கள் சமூகத்துக்குப் பூதத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கையும் கோமதியும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் கடைத் தராசும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன் மச்சான். போன தீபாவளிக்கு நீங்கள் எடுத்து அனுப்பிய கரை வேட்டியை நான் ஒரு நாள்கூட இடுப்பில் கட்டவில்லை. பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று எழுதினேனே, அது பொய். சித்திரை வெயிலுக்கு அதை நாலு கம்பில் கட்டி, அதன் கீழே பன்னிரண்டு செடிகளை வைத்திருந்தோம். இப்போது கரை மட்டும்தான் வேட்டி மாதிரி இருக்கிறது.

செடி எதற்கு என்று கேட்பீர்கள். கோமதியின் பள்ளிக்கூடத்துக்குக் காட்டிலாகாவிலிருந்து ஒரு தாக்கீது வந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்குப் பன்னிரண்டு விதை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் முளைக்கவைக்க வேண்டும், மழைக்காலம் பிறந்ததும் குறைந்தது பத்துச் செடியாவது உயிரோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டினால் தீபாவளி லீவில் மூன்று வாரம் போரிவிலி காட்டில் வைத்து நாற்று வளர்க்க, மரத்துக்கு நோய் பார்க்க, மழையில் மண் கரையாமல் அணை கட்டச் சொல்லித் தருவார்கள். பின்னால் இலாகாவில் வேலைக்குக்கூட வழி உண்டு என்று ஏசுதாஸ் வாத்தியார் சொல்கிறார். நீங்களோ, அதே தீபாவளி லீவில் பெண் பார்க்க வருகிறார்கள், கோமதியைக் கூட்டிக்கொண்டு வா, படித்தது போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். இருப்பது ஒரு லீவு, ஒரு பெண். அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் மரத்தை நிறுத்து விற்கிறவர், உங்கள் மருமகள் மரத்துக்குத் தலைதுவட்டி விடுகிறாள் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது, மே மாதம் வரைக்கும்.

மே மாதம் எங்கள் குழாயில் அஞ்சு மணிக்குக் காற்று வரும், அஞ்சேகாலுக்குத் தண்ணீர் வரும், ஆறு மணிக்கு மறுபடியும் காற்று வரும். எல்லோரும் காத்துக் கிடக்க முடியாதென்று டப்பாவை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். டப்பா நின்றால் ஆள் நின்ற கணக்கு. இது குழாயடிக்கு நாட்டாமையான சொர்ணம்மாள் போட்ட சட்டம். ஒரு நாள் விடிகாலையில் பார்த்தால், உங்கள் மருமகள் செடி முளைத்த டால்டா டப்பா பன்னிரண்டையும் வரிசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்!

“ஏட்டி கோமதி, டப்பாக்குள்ள மண்ணப் போட்டு வச்சிருக்கியே, தண்ணிய எதுல பிடிப்ப? ஒன் மண்டையிலயா?” என்றாள் சொர்ணம்மாள்.

“டப்பா நின்னா ஆளு நின்ன மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க, சித்தி.”

“ஆளு இருந்தாத்தானட்டி டப்பா. இதுல ஆளு எங்க இருக்கு?”

“தண்ணி குடுத்துப் பாருங்க, வளரும்.”

வரிசையில் பின்னால் நின்ற ஏஞ்சலம்மாள் சிரித்துவிட்டாள். “புள்ள பாயிண்டாத்தான் பேசுது. அதுக்காக மரத்துக்கெல்லாம் நம்பர் குடுத்தா மனுசன் எப்பக் குளிக்கதாம்?”

அரை மணி நேரம் சண்டை. தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் சொர்ணம்மாள் தீர்ப்புச் சொன்னாள்: செடிக்குக் குழாயில் முறை கிடையாது, ஆனால் வீட்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு அரிசி களைந்த தண்ணீர் ஊற்றலாம். எங்களுக்கு ஒன்று போகப் பதினொரு வீடு பதினொரு செடியைத் தூக்கிக்கொண்டு போனது. ஒன்றை எலி தின்றது. ஒன்று வெயிலில் கருகியது. மிச்சம் பத்தும் பிழைத்தது மச்சான். கேட்ட கணக்கு சரி.

சரிதானே என்று போன வாரம் கோமதி செடிகளை வாங்கப் போனால், ஒருத்தியும் தர மாட்டேன் என்கிறாள். ஏஞ்சலம்மாள் டப்பாவில் சுண்ணாம்பால் சிலுவை போட்டிருக்கிறாள். சொர்ணம்மாள் அவள் வேப்பங்கன்றுக்குத் திருநீறு பூசியிருக்கிறாள். “எம்புள்ளைக்கு ஊத்த வேண்டிய தண்ணிய இதுக்கு ஊத்திருக்கேன். எவனோ காட்டுக்காரங்கிட்டத் தூக்கிக் குடுக்கவா?” என்கிறாள். கால் நீட்டிப் படுக்க இடமில்லாத கேம்ப்பில் வேப்பமரத்தை எங்கே வளர்ப்பாய் என்று கேட்டேன். “அது எனக்கும் அதுக்கும் உள்ள பேச்சு, நீங்க போங்கண்ணே” என்றாள். கோமதி மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு நாள் அழுதாள். அழுது நான் பார்த்ததில்லை, அடி வாங்கியபோதுகூட. கடைசியில், “தர வேண்டாம், நீங்களே காட்டுக்குக் கொண்டுவந்து ஒங்க கையால நட்டு வைங்க” என்று சொல்லிவிட்டாள். இப்போது ஒன்பது பெண்களும் நாளை ஞாயிற்றுக்கிழமை போரிவிலிக்கு ரயிலேறி வருகிறார்கள். எங்கள் வீட்டு டப்பா என் பொறுப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தோல்ஷாப்பில் தோல் பதனிடுகிற தொட்டிக்கு ஆவாரம்பட்டை போடுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டியிருக்கிறேன். ஒரு நாள் சாப்பிடும்போது கோமதி, “பட்டைய உரிச்சதுக்கப்புறம் செடி என்னாகும்ப்பா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன் மச்சான். பட்டை மூட்டையாகவே பிறக்கிறது என்பது போலத்தான் நான் இருந்திருக்கிறேன். அவளே வாத்தியாரிடம் கேட்டுவந்து மறுநாள் சொன்னாள்: தரையோடு வெட்டினாலும் திரும்பத் தழைக்குமாம், வேரோடு பிடுங்கினால்தான் போச்சாம். பட்டை மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வருகிறது. இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுத வேண்டும்போல இருந்தது.

பெண் பார்க்க வருகிறவர்கள் தைக்கு வரட்டும் என்று சொல்ல முடியுமா? ஓடிப்போகிற மாப்பிள்ளையாக இருந்தால் இப்போதே ஓடட்டும், நமக்கு ரயில் செலவு மிச்சம். தாய்மாமன் வார்த்தை இல்லாமல் அவளை நான் எங்கேயும் அனுப்ப மாட்டேன். உங்கள் பதில் வந்த பிறகுதான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவேன், இது சத்தியம்.

உங்கள் கடையில் அடுப்புக்குப் போகாமல் தப்பிய மரங்கள் எல்லாம் உங்களை வாழ்த்தட்டும். அக்காவுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு பாடுபடுகிற
பூதத்தான்.

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. ஸ்டாம்பு இல்லாமல் கடிதம் கிடந்துவிட்டது. நேற்றுப் பெண்கள் எல்லோரும் லேடீஸ் பெட்டியில் ஏறினார்கள். நான் தனியாக ஆண்கள் பெட்டியில் ஏறி, டப்பாவை மேல் பலகையில் பத்திரமாக வைத்தேன். போரிவிலியில் நான் இறங்கினேன். டப்பா ரயிலோடு விராருக்குப் போய்விட்டது. ஆபீசர் முன்னால் பெண்கள் குழாயடி போலவே டப்பாவை வைத்து வரிசையாக நின்றார்கள். இங்கே தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொர்ணம்மாள் அவரை விசாரித்தாள். எத்தனை செடி என்று அவர் கோமதியைக் கேட்டார். நான் அந்த நேரம் பக்கத்தில் இருந்த ஒரு தேக்கு மரத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்பது என்றாள். மற்ற மூன்றும் என்ன ஆயிற்று என்றார். ஒன்றையும் மறைக்காமல் நாள் வாரியாகச் சொன்னாள். பிழைத்த செடியைக் காட்ட நிறையப் பிள்ளைகள் உண்டு, போன செடியைச் சொல்லத்தான் ஆள் வேண்டியிருக்கிறது என்று சொல்லி, பத்துக்கு ஒன்று குறைந்தாலும் அவள் பெயரை எழுதிக்கொண்டார். சம்மதக் காகிதத்தை அங்கேயே நீட்டினார்கள், அங்கேயே கையெழுத்துப் போட்டேன். மேலே சத்தியம் என்று எழுதியதை நீங்களே அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள். ரிஜிஸ்தரில் செடி அழிந்த காரணம் என்று ஒரு பத்தி இருக்கிறது. மராத்தியில் எழுதியிருந்ததைக் கோமதி வாசித்துக் காட்டினாள். முதல் செடிக்கு எதிரே எலி, இரண்டாவதற்கு எதிரே வெயில், மூன்றாவதற்கு எதிரே அப்பா. விவரம் சரிதான் என்று அதன் கீழேயும் என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.