கொத்தனார் கட்டிய ஆர்க்கிட்

இன்னொரு இலையும் விழுந்துவிட்டது.

கொத்தனார் குனிந்து அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். தொட்டியில் மிச்சம் இருந்த இலைகள் நனைந்த சிமெண்ட் பை மாதிரி துவண்டு கிடந்தன.

"பையில என்னத்தைப் போடுறீங்க?" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பென்சிலு."

"பென்சில் எப்போலேர்ந்து மஞ்சளா, உள்ளங்கை அகலத்துக்கு வருது?"

இந்த வீட்டில் சுவருக்குக் கண் இருந்தது. அந்தச் சுவரைக் கட்டியதும் அவர்தான்.

செடி மாமியாருடையது. சின்ன மகளுக்குப் பிரசவம் என்று கிளம்பிய மாமியார், போகிற வழியில் பெரிய மகள் வீட்டில் இரண்டை இறக்கிவிட்டுப் போனார். ஒன்று ஆர்க்கிட். இன்னொன்று மாமனார். ஆர்க்கிட்டைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். மாமனாரைப் பற்றி, "இவருக்கு நேரத்துக்கு டீ குடுத்தாப் போதும்" என்றதோடு சரி.

வரும்போதே அது சீக்காளிச் செடிதான்.

"ரெண்டு வருஷமா பூக்கவே இல்ல. என்ன செஞ்சும் தேற மாட்டேங்குது. இது இருக்கற எடத்துல ஃபேன் மட்டும் போட்டுடாதீங்க, காத்து ஆகாது" என்று சொல்லும்போதே மாமியாரின் கண் கலங்கிற்று. மகள் கல்யாணத்தன்று கூட அந்தக் கண் கலங்கவில்லை. அன்றைக்கு அது சிவந்துதான் இருந்தது.

மாமியார் போனதும் மனைவி சொன்னாள்: "அம்மா முதல் தடவையா உங்களை நம்பி ஒண்ணைக் குடுத்திருக்காங்க. கெடுத்துடாதீங்க."

"ஏன், உன்னைக் குடுக்கலையா?"

"எங்க குடுத்தாங்க? நானால்ல வந்தேன்."

விஷயமே அதுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமியார் அவரை ஒரு தடவைகூட 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. நேரில் இருந்தால் 'இவரு'. இல்லாவிட்டால் 'உன் வீட்டுக்காரரு'. செடி பிழைத்தால் ஒருவேளை அந்த வார்த்தை வரலாம். செத்தால் ஜென்மத்துக்கும் வராது.

கொத்தனார் தனக்குத் தெரிந்த வைத்தியத்தில் ஆரம்பித்தார். தூணோ தளமோ, எழுப்பியது உறுதியாக நிற்க வேண்டுமென்றால் நனைக்க வேண்டும். தண்டைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டினார். வேலைக்குப் போகும்போது ஒரு வாளி, வந்ததும் ஒரு வாளி.

மாமனார் கூடத்து ஜன்னலோரம், செடிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். டீயை மட்டும் என்றைக்கும் முழுசாகக் குடிக்க மாட்டார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருப்பார்.

"இன்னும் ஒரு வாளி ஊத்துங்க மாப்பிள்ளை. வாடிக் கெடக்கு பாருங்க."

அவர் முதல் நாளிலிருந்தே மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டு வந்தார். ஆனால் அது கணக்கில் சேராது. அவர் வீட்டிலேயே அவர் பேச்சு கணக்கில் சேராது.

கொஞ்ச நாளில் தொட்டியிலிருந்து புளித்த வாடை வந்தது. கூடவே வரிசை பிடித்து எறும்பு.

"செடிக்கு எதுக்கு எறும்பு வருது?"

"சர்க்கரை மூட்டைச் சாக்கா இருக்கும் மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

கொத்தனாருக்கு அது நியாயமாகப் பட்டது. சாக்கை அவிழ்த்து எறிந்தார். தண்ணீர் அதிகமாகிவிட்டது, உலர்த்த வேண்டும். வேலை நடக்கும் கட்டடத்திலிருந்து பெரிய ஃபோகஸ் லைட்டைக் கொண்டுவந்து செடிக்கு நேராக வைத்தார். கூடம் உலை மாதிரி கொதித்தது. ஒரு இலை கருகியது. மாமனார் தலையிலிருந்து கால்வரை வேர்த்து ஊற்றியபடி உட்கார்ந்திருந்தார். நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை.

"தள்ளி உக்காருங்கப்பா!" என்றாள் மனைவி.

"இருக்கட்டும்மா. செடிக்குத் துணையா ஒரு ஆள் வேணாமா?"

அத்தனை சூட்டிலும் தொட்டிக்குள் ஈரம் மட்டும் போகவே இல்லை. கொத்தனார் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். நிற்காத ஈரம் என்றால் எங்கோ கசிவு இருக்க வேண்டும். ஜன்னல் சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் தடவிப் பார்த்தார். மாடிக்குப் போய்த் தளத்தையும் பார்த்துவிட்டு வந்தார்.

"தண்ணி வெளிய போக வழியில்ல. அதான் சங்கதி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ட்ரில்லிங் மெஷினை எடுத்தார்.

பீங்கான் தொட்டி. மாமியார் ஆசையாகப் பார்த்துப் பார்த்து வாங்கியது. முதல் ஓட்டை அழகாக விழுந்தது. இரண்டாவது ஓட்டையில் தொட்டி சரிபாதியாகப் பிளந்து, பாதி அவர் காலில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவியின் செல்போன் அடித்தது. முகம் பார்த்துப் பேசும் அழைப்பு.

"ஏண்டி, என் செடியைக் காட்டு."

"சிக்னல் சரியில்லம்மா!"

"உன் மூஞ்சி நல்லாத்தானே தெரியுது?"

"மூஞ்சிக்கு மட்டும் சிக்னல் இருக்கும்மா. செடி கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு" என்று போனை அணைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் ஒற்றைக் காலில் நின்று இன்னொரு காலை ஊதிக்கொண்டிருந்தார்.

இனி ஒளித்துவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. உடைந்த தொட்டியின் ஓட்டுத்துண்டு ஒன்றில் சாக்குக் கிழிசலை மடித்து வைத்து, அழுகியது போக மிஞ்சியிருந்த செடியை அதன்மேல் கட்டுக்கம்பியால் கட்டினார். ஏணி போட்டு ஏறி, குளியலறையில் கூரைக்கு அடியில் இருக்கும் காற்றோட்டச் சந்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

"செடியைப் போய் யாராவது பாத்ரூம்ல தொங்கவிடுவாங்களா?"

"தொட்டியும் இல்ல, மண்ணும் இல்ல. இதுக்கு மேல நான் கெடுக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. விடு."

கொத்தனார் ஆர்க்கிட்டைக் கைகழுவினார். கூடத்தில் ஃபேன் சுற்றத் தொடங்கியது. அவருக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. மாமியார் வந்து கேட்டால் சொல்வதற்கு, சுவரைப் பார்த்து ஒத்திகை பார்த்தார். "அத்தை, அது வந்து..." அதற்கு மேல் சுவரிடமே சொல்ல வரவில்லை.

மாமனாரிடம்தான் ஒரு மாற்றம் தெரிந்தது.

"கவனிச்சீங்களா? அப்பா இப்பல்லாம் டீ குடிச்ச டம்ளரை அவரே பாத்ரூமுக்குக் கொண்டுபோய்க் கழுவறாரு. அம்மா பார்த்தா மயங்கி விழுந்துடுவாங்க" என்றாள் மனைவி.

குளியலறைக்குள் முக்காலி எப்படி வந்தது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

மாதங்கள் போயின. ஒரு காலை, கண்ணில் சோப்பு எரியக் குளித்துக்கொண்டிருந்த கொத்தனார் தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். ஓட்டுத்துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக வேர். நடுவில் பளபளவென்று புது இலை. இலைக்கு அடியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு காம்பு.

துண்டோடு வெளியே ஓடிவந்தார்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!"

"யாரு, அம்மாவா?" மனைவி அலறிவிட்டாள்.

"மொட்டுடி! மொட்டு வரப் போகுது!"

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா?" என்றார். பிறகு கையில் இருந்த டீயை ஒரே மடக்கில் அடிவரை குடித்து முடித்தார்.

மாமியார் வந்து இறங்கிய அன்று இரண்டு பூ விரிந்திருந்தது. கொத்தனார் ஏணியில் ஏறி அதைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினார். தொட்டி எங்கே என்ற கேள்விக்குக் காத்து நின்றார். மாமியார் தொட்டியைக் கேட்கவில்லை. பூவைப் பார்த்தார். இலையைத் தடவினார். பிறகு கொத்தனாரின் முகத்தை, முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கைன்னா இது கை, மாப்பிள்ளை!"

தாங்குகட்டைகளைப் பிரித்த பிறகும் தளம் அசையாமல் நிற்பதைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்போமே, அந்த மாதிரி ஒரு மூச்சு கொத்தனாருக்கு வந்தது. இத்தனை வருஷமாக உள்ளே அடைத்து வைத்திருந்த மூச்சு. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் துடைத்துக்கொண்டார். சோப்பு என்று சொல்லவும் இப்போது வழியில்லை.

"எங்க வீட்டுக்கும் வந்து இதே மாதிரி உசரத்துல கட்டிக் குடுத்துடுங்க மாப்பிள்ளை. கூடத்து ஃபேனைக் கழட்டிட்டு, அந்தக் கொக்கியிலயே மாட்டிடலாம்" என்றார் மாமியார்.

"அதுக்கென்ன அத்தை, நாளைக்கே வரேன்!"

வாசலில் வண்டி நின்றது. மாமியார் ஆர்க்கிட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். பெட்டியோடு கடைசியாக வந்த மாமனார், மாமியார் பார்க்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஃபேன் காத்துக்காக ரெண்டு வருஷமா தெனம் அதுல அரை டம்ளர் டீயை ஊத்தி, கொஞ்சம் கொஞ்சமா முடிக்கற நெலைமைக்குக் கொண்டுவந்திருந்தேன் மாப்பிள்ளை... முக்காலி போட்டாக்கூட எட்டாத உசரத்துல ஏத்திட்டீங்களே!"