நாற்பது நாள் புளுகாத ஒல்லாந்தா

என் கோப்பில் ஓர் அஞ்சலட்டை இருக்கிறது. நீல மை, கொட்டை எழுத்து. "சாம்பல் புதன், பழவேற்காடு. இன்று தொடங்கி நாற்பது நாளைக்கு நான் புளுக மாட்டேன். இதற்கு அந்தோணியார் சாட்சி, நீங்களும் சாட்சி. இப்படிக்கு, ஒல்லாந்தா." பெறுநர் நான். அப்போது அந்த ஊர் அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்தேன். அவர் என் எதிரிலேயே நின்று எழுதி, என்னிடமே நீட்டினார். நானே முத்திரை குத்தினேன். மறுநாள் அது எனக்கே வந்து சேர்ந்தது. முத்திரையில் நாளும் மாதமும் தெளிவு. ஆண்டு விழவேண்டிய இடத்தில் மை பரவிவிட்டது. நினைவை நம்பி ஆண்டு சொல்லும் வழக்கம் எனக்கில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

பழவேற்காடு ஏரியில் உப்புநீர் புகுந்த நாள்முதல் அதன் கரையில் ஒல்லாந்தாவைப் போலப் புளுகியவர் எவரும் பிறக்கவில்லை. நான் சொல்லும் இந்த ஒன்றை மட்டும் ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஒல்லாந்தர் என்று நம் பழைய ஏடுகள் சொல்லும் டச்சுக்காரர்கள் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு இங்கே கோட்டை கட்டி, துணி வாங்கி, கப்பல் ஏற்றி, செத்தும் போனார்கள். மிச்சம் இருப்பது புதர் மூடிய கோட்டை மேடும், வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கிய கல்லறைத் தோட்டமும்தான். நம்மவர் படகுக்காரர். சுற்றுலா வருபவர்களை ஏரியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கரையேறியதும் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போவார். படகுக்குக் கூலி உண்டு. கல்லறைக் கதை இலவசம். அந்தக் கதைகளால்தான் பட்டப்பெயர் வந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அவர் மனைவி ரோசம்மாவே மறந்திருந்தார்.

கோட்டையிலிருந்து ஒரு சுரங்கம் போகிறது என்பார். எங்கே போகிறது என்பது வந்தவரைப் பொறுத்தது. சென்னைக்காரர் என்றால் சென்னைக் கோட்டைக்கு. நெல்லூர்ப் பக்கத்தவர் என்றால் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு. "ராக்கெட் வுடற எடத்துல போய்த் தொறக்குது சார். அத்த மூடறதுக்குத்தான் அங்க ராக்கெட்டே வெச்சான்." பொன்னேரியிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வந்தபோது சுரங்கம் அவர்களுடைய பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் போய் முடிந்தது. அந்த ஆசிரியை தன் பங்குக்கு அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாற்றலாகி வந்த புதிதில் நானும் எழுதிக்கொண்டேன். 'பழவேற்காடு: வாய்மொழிச் செய்திகள்' என்று அட்டையில் தலைப்பிட்டு, வரிசை எண் போட்டு நாற்பத்தொரு செய்திகள்.

தவக்காலம் தொடங்கிய அந்தச் சாம்பல் புதனன்று, பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார் பிரசங்கத்தில் ஒரு போடு போட்டார். "தவக்காலத்துக்குக் கறியை விடுறோம்னு யாரும் சொல்லாதீங்க. வருசத்துக்கு ரெண்டு தடவை கறி சாப்பிடுறவங்க அதை விடுறது ஒரு தியாகமா? பொழுது விடிஞ்சா அடைஞ்சா உங்க வாயில எது இருக்கோ, அதை விடுங்க."

கோயிலே மூச்சடங்கியது. எல்லார் வாயிலும் இருந்தது மீன். நாற்பது நாள் மீன் இல்லாமல் இந்த ஊரில் சோற்றை எதைத் தொட்டுக்கொண்டு தின்பது என்று ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, சொல்லிவைத்ததுபோல், எல்லாத் தலைகளும் நான்காவது தூணருகே நின்றிருந்த ஒல்லாந்தாவின் பக்கம் திரும்பின. அவர் வாயில் இருந்தது வேறு என்பது ஊருக்கே தெரியும்.

"மீன வேணா வுட்டுடும் இது," என்றார் ரோசம்மா, கோயில் வாசலில், நாலு பேர் கேட்க. "புளுக வுட்டா மூச்சு நின்னுடும்."

அந்த ரோஷத்தில்தான் மனிதர் நெற்றிச் சாம்பலோடு நேராக என் ஜன்னலுக்கு வந்து அஞ்சலட்டை கேட்டார். "வாயால சொன்னா எவனும் நம்பமாட்டான் சார். தேதியோட கவருமெண்டு சீல் வேணும்."

முதல் வாரம் ஊருக்கு வேடிக்கை. இரண்டாம் வாரம் ஊருக்கு வினை.

முதல் பலி ரோசம்மாவின் மடவை மீன் குழம்பு. எப்படி இருக்கிறது என்று வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். "உப்பு ஜாஸ்தி. கட்டிகினு வந்த நாளா ஜாஸ்தி." அன்று மாலை ஒல்லாந்தா அஞ்சலகத் திண்ணையில் அமர்ந்து பன் தின்றார்.

அடுத்தது இறால் கூடை. சென்னையிலிருந்து காரில் வந்தவர், இறால் இன்று பிடித்ததா என்று கேட்க, விற்ற அம்மாள், "சந்தேகம்னா இந்தாளையே கேளு நைனா, தவசுல கீறாரு, பொய் சொல்லமாட்டாரு" என்று பெருமையாகச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். சாட்சி, "முந்தாநேத்து" என்றது. கூடையின் மூடி பறந்துவந்து சாட்சியின் காதோரம் போனது.

மூன்றாவது கொஞ்சம் பெரியது. பக்கத்துப் படகு ஏழுமலைக்கு ஒரு தம்பி. அவனுக்குப் பெண் கொடுக்க சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்கள் விசாரிக்கத் தேர்ந்தெடுத்த ஆள் ஒல்லாந்தா.

"பையன் குடிப்பானா?"

"தூங்கும்போது குடிக்கமாட்டான்."

வந்தவர்கள் மதியப் பேருந்திலேயே திரும்பிவிட்டார்கள். ஏழுமலை துறைக்கு வந்து குதித்தார். "இன்னா மேன், எங்காளுங்க மாலை போட்டா நாப்பத்தோரு நாள் பொய் சொல்லமாட்டோம்தான். அதுக்காவ கேக்கறதுக்கெல்லாம் பதிலா சொல்லுவோம்? வாய மூடிகினு சாமி சரணம்னு போய்னேகீவோம்! தவசு முடியற வரைக்கும் நீ தொறை பக்கமே வராத, ஆமா!"

கூலியும் குறைந்தது. கல்லறைத் தோட்டத்தில், "இது யாருடைய சமாதி?" என்று கேட்டால், "தெரியாது சார்." "இந்தச் சிற்பம் என்ன?" "தெரியாது சார்." "கோட்டையில் சுரங்கம் இருக்கிறதாமே?" "நான் பாத்ததில்ல சார்." வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவருடைய சுரங்கத்தை ஏழுமலை எடுத்துக்கொண்டு, மாமல்லபுரம் வரைக்கும் நீட்டினார்.

தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளி, சிலுவைப்பாதை முடிந்ததும் அவர் என் அறைக்கு வந்தார். "அந்த நோட்டக் கொண்டா சார்."

எடுத்துவந்தேன். ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார்.

"எலும்புக்கூடு இரண்டும் கணவன் மனைவி."

"புளுகு. கோடு போட்டு அடி."

"ஏரி நண்டு ஒரு டச்சுத் தளபதியின் கால் விரலைக் கடித்ததால் போர் நின்றது."

"புளுகு."

"தளபதி நாளொன்றுக்கு நாற்பது மடவை தின்பார்."

"அது எங்க நைனா புளுகு. நான் எடுத்துகினு வந்து முப்பத நாப்பதாக்கனேன்."

நாற்பத்தொன்றில் மிஞ்சியவை மூன்று. அவற்றில் ஒன்று, கோட்டை செங்கல்லால் ஆனது என்பது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒரு நாளைக்கு முப்பது தபா தெரியாது, தெரியாதுங்கறன் சார். சொல்லச் சொல்லத்தான் ஒறைக்குது. நெசமாவே எனக்குத் தெரியாது. அந்தக் கல்லுங்க மேல ஏறி நின்னுகினு இத்தினி வருசம் பேசிகீறன். கீழ கீறவங்க ஒருத்தர் பேருகூட தெரியாது. புளுகையும் எடுத்துட்டா நான் யாரு சார்? சும்மா படகு தள்றவன்." எழுந்து, "பண்டிகைக்குள்ள ஒண்ணு. ஒரே ஒண்ணு நெசமா தெரிஞ்சிக்கணும்" என்றார்.

துறையில் வேலை குறைந்தவருக்கு நேரம் இருந்தது. தோட்டத்துக் காவல்காரரிடம் கேட்டுக்கொண்டு, வெறும் தண்ணீரும் தென்னை நாருமாகக் கற்களைக் கழுவ ஆரம்பித்தார். மாலையில் வேலை முடிந்ததும் நானும் போவேன். பெரிய கற்களெல்லாம் கேடயமும் கப்பலுமாகச் செதுக்கிக் கம்பீரமாக இருந்தன. அவர் போய் உட்கார்ந்தது ஓரத்தில் கிடந்த ஒரு சின்னக் கல்லின் முன்னால். தளபதி வளர்த்த குரங்கின் சமாதி என்று அதைக் காட்டி எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்திருக்கிறார். என் பட்டியலில் அது பதினேழாம் எண்.

கழுவியதும் எழுத்துகள் தெரிந்தன. ஒரு மூலை உடைந்து போயிருந்தது. மிச்சத்தை எழுத்து எழுத்தாகப் படியெடுத்து, முன்பு ஒருமுறை வந்து என்னிடம் தபால்தலை வாங்கிய ஹாலந்து அம்மையார் ஒருவர் கொடுத்துப்போயிருந்த முகவரிக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து ஒல்லாந்தா தினமும் பையைப் பிரிக்கும் நேரத்துக்கு வந்து நிற்பார். "ஹாலந்து வந்துச்சா சார்?"

ஐந்தாம் வாரம் பதில் வந்தது. ஆங்கிலத்தில் நான்கே வரி. நான் தமிழில் சொன்னேன்: "இங்கே உறங்குகிறாள் மா... பெயர் அதற்குமேல் உடைந்திருக்கிறது. வயது நான்கு ஆண்டு, இரண்டு மாதம், ஒன்பது நாள்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. அவரைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் எழுதுவேன் என்று நான் எண்ணியதில்லை.

"ஒம்போது நாளு," என்றார் கடைசியில். "அதயும் வுடாம எண்ணிகீறாங்க. நான் கொரங்குன்னேன்."

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். ஒன்றேகால் மணி நேரம். வெளியே வரிசையில் நின்ற பெண்கள் முதலில் முணுமுணுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு இடம் பிடிக்க ஆளைவைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வந்தார்கள். "சொல்றத சொல்லிட்டு வெளிய வாய்யா, சாமியாருக்கும் வயிறு கீது!" என்று ரோசம்மா குரல் கொடுத்தார்.

அதன்பின் வந்தது அந்தத் தவறு. சாம்பல் புதனை ஒன்று என்று வைத்து எண்ணினால் நாற்பதாம் நாள் குருத்தோலை ஞாயிறு. ஒல்லாந்தா அப்படித்தான் எண்ணினார். சுவரில் நாற்பது கரிக்கோடு. ஆனால் தவக்காலத்தில் ஞாயிறுகள் கணக்கில் சேரா. நோன்பு முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. திங்களன்று காலை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு துறைக்கு வந்து, "முட்சிட்டேன்டா!" என்று கத்தியபோது, அதைச் சொல்லவேண்டிய நான் தபால் பை கட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று வேலூரிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள். செய்தி கேட்டுக் கணக்கைத் திருத்த நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சுரங்கம் வேலூர்க் கோட்டையில் முடிந்துவிட்டிருந்தது. எலும்புக்கூடுகளுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. கூட்டம் வாய்பிளந்து நின்றது. நாற்பது நாள் அடைத்துவைத்த மடை.

கடைசியில் அந்தச் சின்னக் கல்லுக்கு வந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் கேட்டார்: "இது யாருங்க?"

அவர் சத்தியம் அவர் கணக்குப்படி முடிந்துவிட்டது. இளவரசி என்று சொல்லியிருக்கலாம். கூட்டமும் அதைத்தான் எதிர்பார்த்தது.

ஒல்லாந்தா செருப்பைக் கழற்றினார். "ஒரு பொண்ணு கொயந்தம்மா. நாலு வருசம் ரெண்டு மாசம் ஒம்போது நாளு இருந்துச்சு."

"பேர் என்ன?"

"மா-ன்னு ஆரம்பிக்கும். மீதி கல்லுல இல்ல."

அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆறு நாள் பாக்கி இருப்பதை நான் சொன்னதும் அலறியடித்துக்கொண்டு சாமியாரிடம் ஓடினார். சாமியார் சிரித்து முடிக்க நேரமாயிற்றாம். உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு சுரங்கம் பழையபடி நீண்டது. ஏழுமலைக்கும் அவருக்கும் அதில் எல்லைத் தகராறே வந்தது. ஆனால் தோட்டத்தின் ஓரத்துக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவார், ஆண்டு, மாதம், நாள் மூன்றும் சொல்வார், நிறுத்திக்கொள்வார். எனக்கு மாற்றல் வரும்வரை ஒருநாளும் அதில் ஒரு சொல் கூடவில்லை.

மாற்றல் ஆணை வந்து நான் பேருந்துக்குக் காத்திருந்த காலையில் வந்து, என் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்றார்.

"சார், அந்தக் கொயந்த பேரு மார்த்தா."

"எப்படித் தெரியும்?"

"எத்தினி நாளுதான் ஒரு புள்ளைய மா, மான்னு பாதிப்பேரு வெச்சி கூப்புடறது? எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். பெயர்: மார்த்தா. சொன்னவர்: ஒல்லாந்தா. அதன்பின் கிடைத்த டச்சுக் கல்லறைப் பட்டியல்களையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன். எதிலும் அப்படி ஒரு குழந்தை இல்லை. இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. நானும் அவளை அந்தப் பெயரில்தான் நினைத்துக்கொள்கிறேன்.