சம்பாலுக்கு நகம் வெட்டிய நாள்

சம்பால் புது சோபா உறையில் முன்னங்கால்களை ஊன்றி, அவசரமே இல்லாமல் ஓர் இழுப்பு இழுத்தது. துணி ‘டர்ர்’ என்றது.

முகமது இப்ராஹிம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த உறையை நேற்றுதான் மாட்டியிருந்தார்கள்.

“சுபைதா! உன் பூனை வேலைய ஆரம்பிச்சிருச்சு.”

“மடியில படுத்தா உங்க பூனை, துணியக் கிழிச்சா என் பூனையா?” என்று சமையலறையிலிருந்து மனைவியின் பதில் வந்தது.

சம்பால் செம்பட்டை நிறம். தானாக வீட்டை விட்டு இறங்காத பூனை. சோபாவில் யார் உட்கார்ந்தாலும் மடியில் ஏறி, முன்னங்கால்களை மாற்றி மாற்றி அழுத்தும். ரொட்டிக்கு மாவு பிசைவது போலவே இருக்கும். ஈப்போ நகரத்தில் ரொட்டியும் குழம்பும் விற்கும் கடை வைத்திருக்கும் இப்ராஹிமுக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு. ஆனால் கொஞ்ச காலமாக அது பிசைந்தால் போட்டிருக்கும் சிலுவாரைத் தாண்டித் தொடையில் கோடு விழுந்தது.

மற்ற நாளாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். இன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் மகள் நூருலைப் பெண் பார்க்க பத்து காஜா ஊரிலிருந்து வருகிறார்கள்.

வரனைக் கொண்டுவந்தவர் பள்ளிவாசல் நண்பர் சீனி. அவர் காலையிலேயே தொலைபேசியில் எச்சரித்திருந்தார்.

“மாப்பிள்ளையோட அம்மா துணிக்கடைக்காரங்க பாய். ஒரு நூல் இழுத்திருந்தாலும் கண்ணு அங்கதான் போகும். தைப்பிங்ல ஒரு வீட்டுல சோபா கிழிஞ்சிருந்துச்சாம். துணியையே பாத்துக்கத் தெரியாதவங்க பொண்ண எப்படி வளத்திருப்பாங்கன்னு கேட்டுட்டு, தண்ணிகூடக் குடிக்காம எழுந்து வந்துட்டாங்க. சாக்கிரதை லா.”

இப்ராஹிமுக்கு இந்த வரன் கைநழுவக் கூடாது. அவரே அலைந்து விசாரித்த வரன். மாப்பிள்ளை ஸைஃபுலின் பாட்டனார் கடையநல்லூரில் எந்தத் தெரு, எந்தக் கப்பலில் வந்து இறங்கினார், எந்தப் பள்ளிவாசலுக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தார் என்பதுவரை விசாரித்தாயிற்று. அவ்வளவும் விசாரித்த களைப்பில், மாப்பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டபோது “ஈப்போவுலயே சொந்தத் தொழில்” என்று சீனி சொன்னதோடு திருப்தியடைந்துவிட்டார். கடையநல்லூர்த் தெரு சரியாக இருந்தால் தொழில் தானாகச் சரியாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

“நகத்த வெட்டிர வேண்டியதுதான்” என்றார்.

தன் நகவெட்டியை எடுத்துவந்து, சம்பாலை மடியில் போட்டுக்கொண்டார். அது கண்ணை மூடிப் பிசையத் தொடங்கியது. இப்ராஹிம் ஒரு காலைப் பிடித்து நகவெட்டியை அமுக்கினார். நகம் வெட்டுப்படவில்லை. ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது.

அடுத்த நொடி சம்பால் ஜன்னல் திரைச்சீலையின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்ராஹிம் அதன் இடுப்பைப் பிடித்து இழுத்தார். சம்பால் வந்தது. திரைச்சீலையும் வந்தது. திரைச்சீலை மாட்டியிருந்த கம்பியும், கம்பி மாட்டியிருந்த சுவரின் சுண்ணாம்பும் வந்தன.

நூருல் அறையிலிருந்து ஓடி வந்தாள்.

“அத்தா, நான் வேணா டவுனுக்கு எடுத்துட்டுப் போய் வெட்டிட்டு வந்துர்றேன். சட்டுனு வந்துருவேன்.”

“பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு, பொண்ணு பூனையத் தூக்கிக்கிட்டு டவுனச் சுத்துறதா? மாப்பிள்ள கண்ணுல பட்டா என்ன ஆவுறது?”

நூருல் தரையில் கிடந்த சுண்ணாம்பைக் காலால் ஓரமாக ஒதுக்கினாள். கல்யாணப் பேச்சு தொடங்கிய இந்த இரண்டு மாதமாக அவள் வெளியே போவதில்லை. அது இப்ராஹிம் போட்ட சட்டம். கடைத்தெருவில் பார்த்துப் பழகிக் கல்யாணம் கட்டுவதெல்லாம் மற்ற வீடுகளில் நடக்கும், இந்த வீட்டில் நடக்காது என்பது அதற்கும் முந்திய சட்டம்.

“முன்னெல்லாம் இது இப்படி இல்லையே” என்றார் இப்ராஹிம், கையிலிருந்த கீறலில் ஊதிக்கொண்டே. “மாசாமாசம் ஊசி போட எடுத்துட்டுப் போவியே, அப்ப எவ்வளவு சாதுவா இருந்துச்சு! ஊசிய நிறுத்தினதும் புலியாயிருச்சு.”

“ஆமா அத்தா” என்றாள் நூருல் தரையைப் பார்த்து. “ஊசிதான் காரணம்.”

இப்ராஹிம் பக்கத்து வீட்டு தர்மேந்திரனைக் கூப்பிட்டார். தர்மேந்திரன் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் பால் வெட்டும் கித்தாத் தோட்டத்து கிளினிக்கில் மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். கித்தாத் தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டமாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகிய பிறகும் அவர் டிரஸ்ஸராகவே இருந்தார். தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் கையில் தோல் கையுறையுமாக வந்தார்.

“அண்ணே, பூனை லா. சண்டைக்கா போறோம்?”

“பாய், நான் தோட்டத்துல மேற்பார்க்கிற மண்டோர், கணக்கெழுதுற கிராணி எல்லாருக்கும் ஊசி போட்டவன். கடிக்கிறவன் யாரு, கத்துறவன் யாருன்னு முகத்தப் பாத்தே சொல்லிருவேன். இது கடிக்கிற முகம்.”

அவர் யோசனை எளிமையானது. பச்சைக் குழந்தையைச் சுற்றுவது போலத் துணியில் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். ஒரு காலை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். வெட்ட வேண்டும். துணிக்கு அங்கே இங்கே போகவில்லை. கீழே கிடந்த திரைச்சீலையையே எடுத்தார்.

சுற்றினார்கள். சம்பால் உறுமியது. பிறகு சத்தமே இல்லை.

“அடங்கிருச்சு பாத்தீங்களா” என்றார் தர்மேந்திரன். “கால எடுங்க பாய்.”

இப்ராஹிம் துணிக்குள் கையை விட்டுத் தேடினார். “கால் எந்தப் பக்கம்ணே?”

“தலைக்குக் கீழ.”

“தலை எந்தப் பக்கம்?”

இருவரும் மூட்டையைப் பார்த்தார்கள். தர்மேந்திரன் ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து உற்றுப் பார்த்தார். அவருடைய மூக்கிலிருந்து நாலு விரல் தூரத்தில், துணி மடிப்புக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அலாமா!” என்றார்.

மூட்டை வெடித்தது. திரைச்சீலையை வால்போல் இழுத்துக்கொண்டு சம்பால் சாப்பாட்டு மேசைமேல் ஓடியது. விருந்தாளிகளுக்காகக் கரைத்து வைத்திருந்த ரோஜா சிராப் ஜாடி ஒருமுறை ஆடி, யோசித்து, சோபாவின்மேல் சாய்ந்தது.

சுபைதா வாசலில் வந்து நின்றாள். திரையில்லாத ஜன்னல், சிவந்த சோபா, ஹெல்மெட்டோடு நிற்கும் தர்மேந்திரன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“தர்மாண்ணே, வீட்டுக்குப் போங்க” என்றாள்.

அவர் போனார். சோபா உறையைக் கழற்றியபோது அடியில், இப்ராஹிமின் தலை எண்ணெய் பல வருடங்களாக வரைந்த வட்டம் தெரிந்தது. சுபைதா தன் பாத்தேக் சாரோங் கைலிகள் இரண்டை எடுத்து அதை மூடினாள். ஜன்னலுக்குத் துணி கிடைக்கவில்லை. கடையிலிருந்த கட்டம்போட்ட மேசை விரிப்பைக் கொண்டுவந்து மாட்டினார்கள். விரிப்பில் ஊறிய மீன் குழம்பு வாசம் வீட்டுக்குள் லேசாக வந்தது.

“பூனையப் பின் ரூம்ல போட்டுப் பூட்டிருங்க. போதும்.”

“பூட்டினா கத்தும். கதவப் பிறாண்டும். அந்தம்மா என்ன சத்தம்னு கேப்பாங்க.” இப்ராஹிம் சட்டைக் கையை மடித்துவிட்டார். முழங்கை வரை கோடுகள். “இன்னிக்கி இத வெட்டாம நான் வெளிய வர மாட்டேன்.”

பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சம்பால் அலமாரிக்கு அடியில் இருந்தது. இப்ராஹிம் தரையில் உட்கார்ந்தார். கூப்பிடவில்லை, கையை நீட்டவில்லை. என்ன செய்வது என்று தெரியாததால் சும்மா உட்கார்ந்திருந்தார். கடையில் அவர் இப்படிச் சும்மா உட்கார்ந்ததே இல்லை. வெளியே எங்கோ மோட்டார் சைக்கிள் போயிற்று. பிறகு அதுவும் இல்லை.

கதவுக்கு வெளியே காலடி கேட்டது. யாரோ கதவில் முதுகைச் சாய்த்து உட்காரும் சத்தம்.

“அத்தா.”

“ம்.”

“துணில சுத்தாதீங்க, புடிச்சு இழுக்காதீங்க. அதுவா வரும். மடியில தூங்கற மாதிரி இருக்கும்போது ஒரு விரல மட்டும் மேலயும் கீழயும் மெதுவா அமுக்குங்க. நகம் தானா வெளிய நீட்டும்.”

இப்ராஹிம் காத்திருந்தார். நெடுநேரம் கழித்து அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு மீசை வந்தது. பிறகு சம்பால் முழுதாக வந்து, எதுவுமே நடக்காதது போல் மடியில் ஏறிப் படுத்தது.

விரலை அமுக்கினார். நகம் நீட்டிக்கொண்டு வந்தது.

“வந்துருச்சு” என்றார் கிசுகிசுப்பாக.

“உள்ள ரோஸா ஒரு கோடு தெரியுதா? அதுல ரத்தம் ஓடும், வலிக்கும். அதத் தொடக் கூடாது. வெள்ளையா இருக்கிற நுனி மட்டும். கதவுக்கடியில அதுக்குன்னு உள்ள கத்திரி தாரேன், ஊசி போடுற எடத்துல குடுத்தது, அதுல வெட்டுங்க.”

கதவின் அடியில் ஒரு சின்னக் கத்திரி வழுக்கி வந்தது. இப்ராஹிம் நுனியை வெட்டினார். சம்பால் காதை மட்டும் அசைத்தது.

“வாலப் பாருங்க அத்தா. வேகமா ஆட்டினா நிறுத்திருங்க. ஒவ்வொண்ணு வெட்டினதும் தடவிக் குடுங்க. தப்பித் தவறி ரத்தம் வந்தா சோளமாவு வெச்சு அமுக்கணும். பயப்படாதீங்க.”

“இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?”

“பாத்துப் பாத்துத்தான். நானா வெட்டினதில்ல.”

பிள்ளைகள் எதையெல்லாம் ஃபோனில் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள் என்று இப்ராஹிம் நினைத்துக்கொண்டார். அடுத்த நகம். அதற்கடுத்தது. அறைக்குள் கத்திரியின் சின்னச் சத்தமும் பூனையின் குறட்டையும் தவிர வேறு ஒன்றுமில்லை. மகளோடு இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எத்தனை வருடமாயிற்று என்று தோன்றியது. நடுவில் ஒரு கதவு இருந்ததுதான் வசதியாக இருந்ததோ என்னவோ.

“நூருல்.”

“சொல்லுங்க அத்தா.”

“நீ இன்னும் பையன் முகத்தக்கூடப் பாக்கல. உனக்குச் சம்மதமான்னு நான் கேக்கவே இல்ல. இப்பக் கேக்கறேன்.”

இப்ராஹிம் கத்திரியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க பாத்த மாப்பிள்ள அத்தா” என்றது நூருலின் குரல். “எனக்குச் சம்மதம்.”

இப்ராஹிமுக்குக் கண் கலங்கியது. கடைசி நகத்தை வெட்ட அதைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அஸர் முடிந்ததும் கார் வந்து நின்றது. சீனி முன்னால் வந்தார். பின்னால் பட்டுச் சேலையில் மாப்பிள்ளையின் தாய். வெள்ளைச் சட்டையில் ஸைஃபுல். கடைசியில் அவன் தங்கை ஹஃபீஸா, ஃபோனிலிருந்து கண்ணெடுக்காமல்.

அந்த அம்மாள் உட்காரும் முன் ஜன்னல் விரிப்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். இப்ராஹிம் சுபைதாவைப் பார்த்தார். பிறகு சோபாவின் பாத்தேக்கைத் தேய்த்தார்.

“கையால வரைஞ்சது” என்றார். “கிளந்தான் துணி. இதப் போய் சோபாவுல போட்டிருக்கீங்க?”

“வர்றவங்க யாருங்கிறதப் பொறுத்துத்தான்” என்றாள் சுபைதா, கண் இமைக்காமல்.

அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சம்பால் அவர் மடியில் ஏறியது.

சம்பால் பட்டுச் சேலையின்மேல் முன்னங்கால்களை வைத்துப் பிசைந்தது. இன்னும் பிசைந்தது. ஒரு நூல்கூட எழவில்லை.

“அட, நகமே தெரியலையே! பூனைய இவ்வளவு பதவிசா வளத்திருக்கீங்க” என்றார் அந்த அம்மாள்.

இப்ராஹிம் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த பேச்சு வெளியே வந்தது.

“வளப்புத்தாங்க எல்லாம். என் பொண்ணும் அப்படித்தான். வெளி ஆம்பள முகத்த நிமிந்து பாத்ததில்ல. உங்க பையனையே இப்பத்தான் மொத மொத பாக்கப் போறா. இந்தப் பூனையும் அப்படியே, தெரியாத ஆளுகிட்டப் போகவே போகாது.”

நூருல் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து நின்றாள்.

சம்பால் பட்டு மடியிலிருந்து இறங்கியது. சீனியைத் தாண்டியது. நேராக ஸைஃபுலிடம் போய் மடியில் ஏறி மல்லாந்து படுத்து, வலது முன்னங்காலை அவன் கைக்குள் நீட்டியது. ஸைஃபுல் பழக்க தோஷத்தில் அதன் விரலை அமுக்கிவிட்டு, சட்டென்று கையை எடுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். சம்பால் விடவில்லை. இடது காலை நீட்டியது.

ஹஃபீஸா ஃபோனிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

“அண்ணே, உன் கடைக்கு மாசாமாசம் நகம் வெட்ட ஒரு பூனை வருமே, காசே வேணாம்னு சொல்லுவியே, அது இதுதானே?”