பாகூர் பக்கத்தில் ஒரு தனி டேபிள்

எங்கள் வீட்டில் ஓட்டல் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்குக் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. பறித்துவிட்டார்கள். தெருமுனையில் இட்லி வாங்குவதென்றாலும் எந்தக் கடை என்று என் கணவர் செந்தில்தான் முடிவு செய்வார். நான் தூக்குச்சட்டியோடு பின்னால் போவேன். அவரைச் சர்வாதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம், ரொம்பவே சாதுவான மனிதர். எல்லாம் எங்கள் பத்தாவது கல்யாண நாளன்று நான் செய்த காரியத்தின் பலன்.

அப்போது எனக்கு ஒரு வியாதி இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும், அந்த ஊரில் எல்லோரும் சாப்பிடுகிற இடத்தில் நான் சாப்பிட மாட்டேன். (எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்றால் அங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இது என் மண்டையில் ஏற வெகு காலம் ஆயிற்று.) போனை வைத்துக்கொண்டு தேடித் தேடிப் படிப்பேன். ‘சாம்பார் சுமார்’ என்று முகம் தெரியாத யாரோ எழுதியிருந்தால் அந்தக் கடையை ஜன்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன். நானும் போகிற இடத்துக்கெல்லாம் ஸ்டார் போட்டு, இரண்டு பத்தி எழுதிவிட்டுத்தான் கை கழுவப் போவேன்.

சேலத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்திருந்தோம். மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, அவள் பிறந்த பிறகு முதன்முறையாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பிய பயணம். முதல் நாளே செந்தில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டல் வாசலில் நின்று மூச்சை இழுத்தார்.

“மீன் வறுக்கற வாசம் நல்லா இருக்கு கீதா. நாளைக்கு இங்கயே சாப்பிட்டுக்கலாமே.”

“பத்தாவது வருஷங்க. காலத்துக்கும் ஞாபகம் இருக்கற மாதிரி ஒரு இடமா இருக்க வேண்டாமா?”

நான் வாழ்நாளில் வேண்டியதில் ஆண்டவன் குறையில்லாமல் நிறைவேற்றிக் கொடுத்தது இது ஒன்றைத்தான்.

அன்று முழுக்கத் தேடி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். பாகூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே ஒரு தோட்டத்து வீடு. போர்டு கிடையாது, மெனு கிடையாது. வீட்டுக்காரர்களே சமைத்து வாழையிலையில் பரிமாறுவார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் நண்டு உண்டு. அங்கே சாப்பிட்ட ஒருவர், ‘ஓட்டல் என்ற நினைப்பே வராது, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனது போல இருக்கும்’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. உடனே போன் போட்டு, கல்யாண நாள், இரண்டு பேர், தனி டேபிள், நண்டு, முடிந்தால் ஒரு மெழுகுவர்த்தி என்று எல்லாம் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் எல்லாவற்றுக்கும் “செஞ்சிடலாம் மேடம்” என்றார்.

மறுநாள் சாயங்காலம் வாடகை ஸ்கூட்டரில் கிளம்பினோம். நான் பட்டுப்புடவை. செந்தில் புதுச் சட்டை, கசங்காமல் இருக்க முதுகை நிமிர்த்தியே ஓட்டினார். அரியாங்குப்பம் பாலத்தில் நெரிசலில் நின்று, கடலூர் ரோட்டிலிருந்து பிரிந்து பாகூரைக் கடந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு கரும்புத் தோட்டத்துக்கு நடுவில், நீங்கள் போக வேண்டிய இடம் வந்துவிட்டது என்று போன் சொன்னது. சுற்றிலும் கரும்புதான். கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை இருந்தது.

“அண்ணே, இங்க தோட்டத்து வீட்ல ராத்திரி சாப்பாடு போடறாங்களாமே, வெளியூர்க்காரங்கல்லாம் வருவாங்களாமே, எந்தப் பக்கம்ங்க?” என்று கேட்டேன்.

டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, “வேன் வேனா வந்துனு இருக்காங்க. தோ, சீரியல் லைட்டு எரியுது பாரு, அந்த வூடுதான். சீக்கிரம் போங்க, மொத பந்தி குந்திட்டாங்க” என்றார்.

“கேட்டீங்களா? பந்தியாம்! எவ்வளவு அசலா நடத்தறாங்க” என்று செந்திலின் முதுகில் தட்டினேன்.

வாசலில் இரண்டு வாழைமரம், தாரோடு. பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ். ஓர் இளம் ஜோடியின் முகங்கள் மட்டும் தெரிந்தன, எழுத்தெல்லாம் வாழையிலைக்குப் பின்னால். இன்னொரு ஜோடிக்கும் இன்றைக்குக் கல்யாண நாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர்களுக்கு மட்டும் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்களே, நமக்கு வைக்கவில்லையே என்று செந்திலிடம் குறைப்பட்டுக்கொள்ளவும் செய்தேன்.

உள்ளே நுழைந்ததும் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம், கல்கண்டு. எந்த நட்சத்திர ஓட்டலில் இப்படிக் கிடைக்கும்! வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வியர்வை சொட்ட ஓடிவந்து கும்பிட்டார். அவர் பெயர் ஏழுமலை.

“வாங்க வாங்க. அரியாங்குப்பத்துலேர்ந்தா வர்றீங்க?”

“ஆமாங்க, அந்த வழியாத்தான். பாலத்துல ஒரே கூட்டம்” என்றேன்.

(மாப்பிள்ளை வீட்டுக்கு அரியாங்குப்பம் என்பதும், ஏழுமலை பெண்ணுடைய சித்தப்பா என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்போது என் மனதில் அவர் மேனேஜர்.)

“குந்துங்க, எல போடச் சொல்றேன்” என்று பந்தியைக் காட்டினார்.

“நாங்க தனி டேபிள் சொல்லியிருந்தோமே. ரெண்டு பேருக்கு.”

“தனி டேபிளா? யார்கிட்டம்மா சொன்னீங்க?”

“பேரு தெரியலைங்க. போன்ல சொன்னேன். செஞ்சிடலாம்னாரே.”

மாப்பிள்ளை வீட்டார் கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? அந்த மனிதர் உள்ளே ஓடினார். இரண்டு பேர் துணைக்கு வர, வீட்டுக்குள்ளிருந்து கனமான ஒரு மர மேஜையைத் தூக்கிவந்து மாமரத்தடியில் போட்டார். மேலே ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பு. பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பொறாமை என்று நினைத்தேன்.

“மெழுகுவர்த்தி?” என்றேன்.

“கரண்டு இருக்குதேம்மா.”

“கரண்டு இருந்தாலும் வெப்பாங்க. அதாங்க அழகு.”

கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்மேல் ஒரு துண்டு மெழுகுவர்த்தியை ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார்.

சாப்பாடு அருமை. லட்டு, வடை, கத்திரிக்காய்க் கூட்டு, சுடச்சுட முருங்கைக்காய் சாம்பார். செந்தில் தலையே நிமிரவில்லை. ஆனால் நான் நண்டுக்காக வயிற்றில் இடம் வைத்துக் காத்திருந்தேன். ரசம் வந்துவிட்டது. நண்டைக் காணோம். ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

“நண்டு எப்பங்க வரும்?”

“நண்டா? நல்ல நாளும் அதுவுமா?”

“நல்ல நாளுங்கறதாலதாங்க நண்டு கேட்டோம்.”

“இன்னிக்கு சைவம்தாம்மா.”

“அப்படின்னா போன்லயே சொல்லியிருக்கணும். நான் இதைச் சும்மா விடப்போறதில்லைங்க. நாலு பேருக்குத் தெரியற மாதிரி எழுதத்தான் போறேன்.”

அவர் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார். கண்டிப்பாகப் பேசினால்தான் ஓட்டல்களில் வேலை நடக்கும் என்று செந்திலுக்குப் பாடம் எடுத்தேன். அவர் பாயசத்தில் இருந்தார்.

தட்டு மாற்ற நல்ல நேரம் இன்னும் வரவில்லை, அதற்குள் ஒரு பந்தி முடியட்டும் என்று இரு வீட்டாரும் இருந்திருக்கிறார்கள். ஏழுமலை போய் அண்ணனிடம் சொல்ல, அண்ணன், அதாவது பெண்ணின் அப்பா, நேராகச் சம்பந்தியிடம் போய்விட்டார்.

“எதுனா குறைன்னா என்கிட்ட சொல்லுங்க சம்பந்தி. ஆளு வுட்டு நண்டு கேக்கறதெல்லாம் நல்லா இல்ல.”

சம்பந்தி வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அத்தை அஞ்சலை எழுந்துவிட்டார். இலையில் இருந்து எழுந்த கை கழுவாமல் அப்படியே இருந்தது.

“நண்டா? யாரு கேட்டா? அத வுடு. மாப்ளயோட அத்த நானு, பந்தியில முட்டி இடிச்சிக்கினு குந்தினு இருக்கேன். எவளோ ஒருத்திக்கு தனி டேபிளு, மெழுகுவத்தி! அவ இன்னா கலெக்டரா?”

“உங்க வூட்டு ஆளுன்னுதானே போட்டோம்!”

“எங்க வூட்டு ஆளா? உங்க டவுன் சொந்தத்த குந்த வெச்சி உபசாரம் பண்ணிட்டு எங்க தலையில கட்டுறீங்களா? இப்பவே இவ்ளோ பொய்யின்னா நாளைக்கு இன்னா இன்னா சொல்லுவீங்க?”

“பொய்யி கிய்யின்னா மரியாத இருக்காது!”

சத்தம் மாமரத்தடி வரை வந்தது. என்ன பேச்சு என்று அப்போது தெளிவாகக் கேட்கவில்லை, இதெல்லாம் பின்னால் அவர்களே சொன்னது.

“பாத்தீங்களா,” என்றேன் செந்திலிடம், “எனக்கு மட்டும் இல்லை. இங்க சர்வீஸ்ல யாருக்குமே திருப்தி இல்லை.”

அவர் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பாயசம் குடித்த வாய் திறந்தபடியே இருந்தது.

“கீதா. அந்த ஃப்ளெக்ஸை இங்கிருந்து படி.”

திரும்பிப் படித்தேன். இந்தக் கோணத்தில் வாழையிலை மறைக்கவில்லை. ‘நிச்சயதார்த்த விழா. அனைவரும் வருக’ என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து அஞ்சலையின் குரல் தெளிவாகக் கேட்டது: “டேய், தட்டையெல்லாம் வேன்ல ஏத்துங்கடா. இந்த சம்பந்தமே வாணாம்!”

“வண்டி பக்கத்துலதான் நிக்குது. சத்தம் போடாம வா” என்றார் செந்தில்.

நானும் எழுந்தேன், ஓடுவதற்குத்தான். அப்போது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வீட்டு வாசற்படியில், தலை நிறையப் பூவோடு, நகையோடு, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது. அந்தப் பக்கம் மாப்பிள்ளைப் பையன், யாரோ கையில் திணித்த பழத்தட்டை வேனில் ஏற்றுவதா, கீழே வைப்பதா என்று தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். நண்டு கேட்டது நான். அழுவது அவள். என் கால்கள் வண்டிப் பக்கம் போக மறுத்துவிட்டன.

கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன். “அம்மா, அய்யா, எல்லாரும் மன்னிக்கணும். நாங்க பொண்ணு வீடும் இல்லைங்க, மாப்பிள்ளை வீடும் இல்லைங்க. சேலம். நான் இதை ஓட்டல்னு நினைச்சு வந்துட்டேன்.”

அஞ்சலை என்னைத் தலையிலிருந்து கால் வரை அளந்தார்.

“ஓட்டலா? பந்தலு, வாழமரம், சந்தனம்... இத்த பாத்தா ஓட்டலு மாதிரியா இருக்குது? பட்டுப்பொடவ கட்டிக்கினு ஓட்டலுக்கு வருவியா? கல்யாணத்த கலைக்க யாருடி உன்ன அனுப்பிச்சது?”

யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாள் சொல்வதுதான் நம்பும்படி இருந்தது. செந்தில் என் பக்கத்தில் வந்து நின்று, “சத்தியமா ஓட்டலுக்குத்தாங்க வந்தோம்” என்றார். அவர் மீசையில் பாயசம் ஒட்டியிருந்ததால் அந்தச் சத்தியத்துக்குப் பெரிய மதிப்பில்லை.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

“மேடம், பாகூர் தோட்டத்துலேர்ந்து பேசுறேன். எங்க இருக்கீங்க? தனி டேபிள் போட்டு மெழுகுவத்தியெல்லாம் ஏத்தி வெச்சிட்டோம். நண்டு ஆறிப்போவுது மேடம்.”

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். பவித்ரா என்று பெயர். அழுத மூக்கோடு குபீரென்று சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. அவளைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தான், அப்புறம் இரு வீட்டு அப்பாக்களும். ஏழுமலை மட்டும் ஒரு நாற்காலியில் சரிந்து, “அந்த டேபிள தூக்கும்போதே முதுகு புடிச்சிக்கிச்சிம்மா. அதயாவது கேட்டுட்டு கேட்டிருக்கலாம்ல?” என்றார். அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அஞ்சலை சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மாமரத்தடியைப் பார்த்தார்.

“அப்ப அந்த டேபிளு இப்ப காலிதானே?”

போய் உட்கார்ந்தார். புது இலை போட்டார்கள். காற்றில் அணைந்திருந்த மெழுகுவர்த்தியை நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். இரண்டு வடை உள்ளே போன பிறகு, “நண்டு ஆறிப்போவுதாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நல்ல நேரம் தவறுவதற்குள் தட்டு மாற்றினார்கள். எங்களைப் போக விடவில்லை. புகைப்படத்தில் எங்களை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று இரண்டு வீட்டுக்கும் தெரியாததால் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

திரும்பும்போது தோட்டத்து ஓட்டலுக்கும் போனோம். கரும்புத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டு நண்டைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, லாட்ஜ் கட்டில்மேல் செய்தித்தாளை விரித்துச் சாப்பிட்டோம். பிரமாதமான நண்டு. அவருக்கு முழு ஸ்டார் போட்டேன். நான் கடைசியாகப் போட்ட ஸ்டார் அதுதான்.

பவித்ராவின் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் தனித்தனியாகப் பத்திரிகை வந்தது. மண்டப வாசலில் நாங்கள் வண்டியை விட்டு இறங்கியதுமே, “ஓட்டல்காரங்க வந்துட்டாங்க!” என்று அஞ்சலை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அதோடு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வில்லியனூரிலிருந்து அரியாங்குப்பம் வரை அவர்கள் சொந்தத்தில் யாருக்கும் என் பெயர் கீதா என்று தெரியாது. ஓட்டல் அக்கா என்றால்தான் தெரியும். இங்கே சேலத்தில் என் மகள் இந்தக் கதையைத் தன் தோழிகளுக்குச் சொல்லும்போது, நான் நண்டு கேட்கும் குரலை எனக்கு முன்னாலேயே நடித்துக் காட்டுகிறாள்.

போன வாரம் பவித்ரா பேசினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய பெண் குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டது. இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறது. எனக்கு உண்மையிலேயே சேலத்தில் ஓர் ஓட்டல் இருப்பதாக அதற்கு நம்பிக்கை.

“ஓட்டல் அத்த, உங்க ஓட்டல்ல இன்னிக்கி இன்னா டிபனு?”

உண்மையைச் சொல்லித் திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் செந்தில் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லைக் காட்டிச் சைகை செய்தார்.

“ரவா தோசை” என்றேன்.

“ரெண்டு எடுத்து வை. அப்பா ஆபீஸ்லேர்ந்து வந்ததும் வர்றோம்.”