பதினான்காவது பட்டன்

“உங்க பட்டன் தலகாணி மாதிரி இருக்கு, சார்!” காலையில் வந்ததும் வராததுமாக டிக்கெட் குழுவிலிருந்து போன்.

வடிவமைப்பாளன் போனைக் காதில் வைத்தபடியே கணினியைத் திறந்தான். டிக்கெட், மருந்து, பார்சல் என்று கம்பெனிக்கு மூன்று செயலிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகப் பட்டன். எல்லோருக்கும் பொதுவாக ஒரே வடிவத் தொகுப்பு வேண்டும் என்று மூன்று வருஷம் மல்லுக்கட்டியவர், பக்கத்து இருக்கை அக்கா. போன மாதம் காலமாகிவிட்டார். அவர் வரைந்த பட்டன் நேற்றுதான் மூன்று செயலிகளிலும் ஏறியது.

“நாலு மணிக்குள்ள புகார் அடங்கணும்,” என்றார் மேலாளர். “இல்லேன்னா தொகுப்பையே தூக்கிப் போட்டுட்டு, அவங்கவங்க பழைய பட்டனுக்கே போகட்டும்.”

பட்டனைச் சுருக்கி சர்வர் பிரிவுக்கு அனுப்பினான். ‘சிறிதாக்கியாகிவிட்டது’ என்று எல்லாக் குழுக்களுக்கும் செய்தி அனுப்பினான்.

“இப்பதான் லட்சணமா இருக்கு,” என்றது டிக்கெட் குழு.

மருந்துக் குழுத் தலைவி பாய்ந்து வந்தார். “ஏம்ப்பா, வயசானவங்க இதைப் பூதக்கண்ணாடி வெச்சா தேடுவாங்க?”

பெரிதாக்கினான். செய்தி அனுப்பினான்.

“பார்சலை விடப் பட்டன் பெருசா இருக்கே!” என்றது பார்சல் குழு.

ஓரங்களைக் கூராக்கினான்.

“கண்ணைக் குத்துதுய்யா.”

நிறத்தைக் குறைத்தான்.

“சோகை பிடிச்ச மாதிரி இருக்கு.”

சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. தன் கணினியை விட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் பக்கத்து நாற்காலி தெரியும்.

மூன்றரைக்குப் பதினான்காவது மாற்றம். பச்சை நிறம், அடியில் நிழல், லேசான சாய்வு. ஏன் சாய்வு என்று அவனுக்கே தெரியவில்லை. அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

நாலு மணிக்கு மேலாளர் மூன்று போன்களை மேஜையில் வரிசையாக வைத்தார். குழுத் தலைவர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“அடடா! இதுதான்யா பட்டன். இனி ஒருத்தரும் கை வைக்கக் கூடாது,” என்றார் மேலாளர்.

“நாலு பேர் சொல்றதைக் கேட்டதும் எப்படி ஆயிடுச்சு பாருங்க!” என்றார் மருந்துக் குழுத் தலைவி.

அப்போதுதான், மாற்றங்களைச் செயலிகளில் ஏற்றிவிடும் சர்வர்காரர் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

“கோவிச்சுக்காதே தம்பி, பல்லு புடுங்கிட்டு இப்பதான் வர்றேன். நீ அனுப்பின பதினாலும் என்கிட்டயே கிடக்கு, காலையிலேருந்து ஓடுறது அக்காவோட பட்டன்தான். உன்னோடதை இப்ப ஏத்திடட்டுமா?”