குட்டே ஃப்ரெண்டே

டிரம்பெட் வாசித்து முடித்துவிட்டது. கோரஸ் இன்னும் பாதிப் பாட்டில் இருந்தது.

"நிறுத்துங்க! 'குட் ஃப்ரெண்ட், காட் பிளெஸ்.' நாலு சொல்லு, நாலு ஸ்வரம். நீங்க எட்டு பாடறீங்க!" என்று கத்தினார் பாட்டு மாஸ்டர் எர்மேத்தே.

"எழுதியிருக்கிறதைத்தானே பாடறோம் மாஸ்டர்?" என்றாள் ரொட்டிக்கடை ஃபிலோமேனா. "குட்-டே ஃப்ரெண்-டே, காட்-டே பிளெஸ்-ஸே."

அந்த 'டே'யையும் 'ஸே'யையும் யாரும் எழுதவில்லை. ஆனால் ஒரு சொல்லை மெய்யெழுத்தோடு அந்தரத்தில் விட்டுவிட்டுப் போக ரோக்காமாராவில் எந்த இத்தாலிய நாக்குக்கும் மனசு வராது.

இந்த ஊருக்கு ஆம்புலன்ஸ் அனுப்பிவைத்த அமெரிக்கர் ஹோல்ட், இன்று மனைவியோடு வருகிறார். எதற்காக அனுப்பினார் என்று யாருக்கும் தெரியாது. போன பனிக்காலத்தில் எர்மேத்தேயின் மனைவி பிழைத்தது அந்த வண்டியால்தான். மனிதருக்கு அவருடைய பாஷையிலேயே நன்றி சொல்லிவிட வேண்டும் என்பது மாஸ்டரின் பிடிவாதம்.

"கடைசி எழுத்து வர்றதுக்குள்ள வாயை மூடிடுங்க."

மூடினார்கள். "கு ஃப்ரெ, கா பிளெ" என்று கோழிக்கூண்டு மாதிரி கேட்டது.

போகட்டும் என்று பேண்டுக்கு இன்னும் நாலு ஸ்வரம் சேர்த்தார். இப்போது லண்டனில் படித்த மருந்துக்கடை ஓர்னெல்லா, சுத்தமான ஆங்கிலத்தில் பாதியிலேயே முடித்துவிட்டுக் கைகட்டி நின்றாள்.

"எங்களைக் குத்திக் காட்டறியாடி?" என்று பாய்ந்தாள் ஃபிலோமேனா.

"நீ பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாடேன்க்கா. 'டே' எப்படி வெளியே வருதுன்னு பார்க்கறேன்!"

"இங்கிலீஷே வேண்டாம். நம்ம பாஷையிலேயே பாடித் தொலைங்க" என்று மாஸ்டர் கும்பிடு போட்டபோது, சதுக்கத்தில் கார் வந்து நின்றது.

பதற்றத்தில் பாதிப்பேர் இத்தாலியத்தில் ஆரம்பித்தார்கள். மீதிப்பேர், "குட்டே ஃப்ரெண்டே" என்று தொண்டை கிழிய முழங்கினார்கள். டிரம்பெட் தன் பாட்டுக்குப் போயிற்று.

ஹோல்ட் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

சிரிக்கிறார்! பூமி பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் போலிருந்தது எர்மேத்தேவுக்கு.

ஹோல்டின் மனைவி ஓடிவந்து மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள். ஓர்னெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை இத்தாலியத்தில் சொன்னாள்:

"மாஸ்டர், அவர் சிரிக்கலை, அழறார். அவரோட அம்மா இந்த ஊர்லேருந்து கப்பலேறிப் போனவங்களாம். அவங்க செத்ததுக்கப்புறம், இங்கிலீஷைச் சரியாப் பேசற ஒரு ஆளைக்கூட அமெரிக்காவுல பார்க்கலையேன்னு ஏங்கிக்கிட்டே இருந்தாராம்!"